காய்கறி மண்ணில் நூற்புழுக்கள்: சிங்கப்பூர்த் தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

நூற்புழு என்பது மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய, நூலிழை போன்ற புழு. அதைப் பற்றிய இந்தக் கேள்வி பதில், சமூகத் தோட்டத்தில் பாத்தி வைத்திருப்பவர்கள், தேசியப் பூங்காக் கழகத்தின் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் வாடகைப் பாத்திகளில் பயிரிடுபவர்கள், வீவக வீட்டு நடைபாதையில் தொட்டி அடுக்கியிருப்பவர்கள் ஆகியோருக்காக எழுதியது. அளவுகளை எல்லாம் 2.5 சதுர மீட்டர் பாத்தி ஒன்றுக்குக் கணக்கிட்டிருக்கிறோம். உங்கள் பாத்தி பெரிதென்றால் அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெண்டைச் செடி காலையில் நன்றாக நிற்கிறது, நண்பகலில் தொங்கிவிடுகிறது, மாலையில் மறுபடி நிமிர்கிறது. தண்ணீர் குறைவா?

முதலில் மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் வாடினால் கோளாறு வேரில்தான். பாத்தி முழுக்கவும் ஒரே மாதிரி வாடாமல், ஒரு மூலையில் நாலைந்து செடி மட்டும் குட்டையாகவும் வெளிறியும் நின்றால் வேர்முடிச்சு நூற்புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மிக மோசமான செடியைப் பிடுங்காதீர்கள். அதன் வேர் பாதி அழுகியிருக்கும், ஒன்றும் தெரியாது. சுமாராக வாடும் செடி ஒன்றைக் கைக்கரண்டியால் சுற்றித் தோண்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுள்ள நுனி வேர்கள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். வேர் சுத்தமாக இருக்கிறது என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

வேர் மணிமாலை போலப் புடைத்திருந்தால் நூற்புழு. வேர் சீராக இருந்து செடி ஓரிரு நாளில் பச்சையாகவே சாய்ந்துவிட்டால் பாக்டீரியா வாடலைச் சந்தேகப்படுங்கள். அடித்தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரிலுள்ள தெளிந்த நீரில் நுனி மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா. கத்தரி, தக்காளியில் இரண்டும் சேர்ந்து வருவதுண்டு: நூற்புழு குத்திய காயம் வழியாகப் பாக்டீரியா உள்ளே நுழைகிறது.

தட்டைப்பயறு வேரிலும் உருண்டை உருண்டையாக இருக்கிறதே, அதுவும் நோயா?

பெரும்பாலும் இல்லை. பயறு வகை வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் முடிச்சுகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் தள்ளினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது. அதைத் தள்ளினால் வேர்தான் அறும். முற்றிய முடிச்சின் மேல் கடுகை விடச் சிறிய, பழுப்பான பசைத் துளி ஒட்டியிருந்தால் அதுதான் முட்டைக் கூட்டம்.

நூற்புழு என்றால் எல்லாமே பயிருக்குக் கேடுதானா?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கைப்பிடி நல்ல தோட்ட மண்ணில் நூற்புழுக்கள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும். அவற்றில் வேரை உண்பவை ஒரு கூட்டம் மட்டுமே. மற்றவை பாக்டீரியாவை உண்பவை, பூஞ்சாணத்தை உண்பவை, மற்ற நூற்புழுக்களையே வேட்டையாடுபவை, எதையும் தின்பவை. பூமியின் மேல்மண்ணில் உள்ள நூற்புழுக்களின் எண்ணிக்கையை 2019இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு 4.4 என்ற எண்ணை 10இன் 20ஆம் அடுக்கால் பெருக்கியது என மதிப்பிட்டது. விலங்குகளைத் தலைக்கணக்கில் எண்ணினால் ஐந்தில் நான்கு இவையே.

பாக்டீரியாவைத் தின்னும் நூற்புழு உங்கள் கீரைக்கு உரம் போடுகிறது என்றே சொல்லலாம். பாக்டீரியாவின் உடலில் ஏறத்தாழ 4 அல்லது 5 பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்து இருக்கிறது. நூற்புழுவின் உடலுக்கு 6 பங்குக்கு 1 போதும். அதற்கு மேல், தின்ற கரிமத்தில் பெரும்பகுதியை மூச்சிலும் செலவழித்துவிடுகிறது. மிஞ்சும் தழைச்சத்தை அம்மோனியமாக வெளியே விடுகிறது, வேர் அதை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் போட்ட கம்போஸ்ட் செடிக்குப் போய்ச் சேரும் வழிகளில் இது முக்கியமானது. கலிஃபோர்னியாவின் டேவிஸில் நடந்த நீண்டகாலத் தக்காளி ஆய்வில், மூடுபயிர் போட்டுப் பருவம் பார்த்து நீர் பாய்ச்சிய நிலத்தில் இந்த நூற்புழுக்கள் பெருகி, அடுத்த தக்காளிக்கு ஆரம்பத்திலேயே தழைச்சத்து கூடுதலாகக் கிடைத்தது.

ஆகவே ‘நூற்புழுவை எப்படிக் கொல்வது’ என்று கேட்டு மண்ணில் எதையோ ஊற்றினால், பெரும்பாலோர் நண்பர்களாக இருக்கும் வீட்டுக்குத் தீ வைத்த கதைதான்.

நான் ரசாயனமே போடுவதில்லை. அப்படியும் வேர்முடிச்சு வந்துவிட்டதே?

வரும். இயற்கை முறை நூற்புழுவுக்குத் தடுப்பூசி அல்ல. வேருண்ணி நூற்புழுவுக்கு வேண்டியது வேர். அந்த வேர் யூரியாவில் வளர்ந்ததா, மாட்டெருவில் வளர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான். இயற்கை உரம் தொடர்ந்து விழும் மண்ணில் நூற்புழுக்களின் மொத்த எண்ணிக்கை கூடுகிறது. கூடுவது பெரும்பாலும் பாக்டீரியா உண்ணிகள். வேருண்ணிகள் சில இடங்களில் குறைகின்றன, சில இடங்களில் குறையவில்லை. அதைத் தீர்மானிப்பது எருவை விடப் பயிர்ச் சுழற்சிதான். வேட்டையாடும் நூற்புழுக்களும் எதையும் தின்பவையும் மெதுவாக இனம் பெருக்குபவை. மண்வெட்டியின் ஒவ்வொரு கொத்தும், ஒரேயடியாகக் கொட்டும் உப்புரமும் அவற்றைத்தான் முதலில் குறைக்கும். எனவே மாதம் ஒருமுறை ஓர் அடி ஆழம் புரட்டிப் போடும் இயற்கைப் பாத்தியை விட, அதிகம் கிளறாமல் அளவாக உரமிடும் ரசாயனப் பாத்தியில் அவை நிறைய இருக்கக்கூடும். பாத்தியில் குத்திவைத்த பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது மண்ணுக்குத் தெரியாது.

நெதர்லாந்தைச் சேர்ந்த போங்கர்ஸ் 1990இல் ஒரு முதிர்ச்சிக் குறியீட்டை முன்வைத்தார். மண்ணிலுள்ள நூற்புழுக் குடும்பங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். எச்சிலை விழுந்ததும் கூடும் கூட்டம் போலச் சட்டென்று பெருகுபவைக்கு 1, தொந்தரவு தாங்காத நிதானக்காரர்களுக்கு 5. புதிதாகக் கோழியெரு கொட்டிய இயற்கைப் பாத்தியிலும் குறியீடு இறங்கும், யூரியா கொட்டிய பாத்தியிலும் இறங்கும். மக்கிய உரத்தைச் சிறிது சிறிதாக, மேலாகப் போட்டுவந்த மண்ணில் அது ஏறும். பச்சை எருவை மொத்தமாகப் புதைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

சிங்கப்பூரில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் பெருகுகிறது?

மண்ணுக்கு இங்கே குளிர்காலம் இல்லை. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு உகந்த மண் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். நம் மண் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அதே அளவில்தான் நிற்கிறது. குளிர்நாட்டில் பனி வந்து அதன் வேலையை நிறுத்திவைக்கும். தமிழ்நாட்டில் கோடையில் நிலம் காய்ந்து வெடிக்கும். இங்கே இரண்டும் கிடையாது, மழையும் விடுவதில்லை.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. வேர்நுனிக்குச் சற்று மேலே துளைத்து உள்ளே போய், சில உயிரணுக்களைப் பூதாகரமாக வீங்கச் செய்து, அங்கேயே உட்கார்ந்து உறிஞ்சத் தொடங்குகிறது. அதன்பின் இடம்பெயர்வதில்லை. பேரிக்காய் வடிவத்தில் பருத்து, மூன்று நான்கு வாரத்தில் 300 முதல் 500 முட்டை வரை பசைக்குள் இடுகிறது. மிகப் பரவலான இன்காக்னிடா இனத்துக்கு ஆண் துணையும் தேவையில்லை. முட்டைகளில் இருபதில் ஒன்று பிழைத்தாலே ஒரு தாய்க்கு 20 மகள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்டை பாத்தியில் நிற்கும் மூன்று மாதத்தில் மூன்று தலைமுறை: 20, 400, 8,000. அதை எடுத்தவுடன் கத்தரி, பிறகு பாகல் என்று போட்டால் பந்தி முடிவதே இல்லை.

ஆகவே இங்கே செய்ய வேண்டிய பெரிய காரியம் ஒன்றே: இயற்கை தராத ஓய்வுக்காலத்தை நாமே உண்டாக்குவது. கீழே வரும் வழிகள் அனைத்தும் அதற்குத்தான்.

எங்கிருந்து வந்து சேர்கிறது?

தானாக நகர்ந்து வருவது ஒரு பருவத்துக்கு அதிகம் போனால் ஒரு மீட்டர். மற்றபடி நாம்தான் கொண்டுவருகிறோம்: நர்சரியில் வாங்கிய நாற்றின் வேர்மண், பக்கத்துப் பாத்தியிலிருந்து கடன் வாங்கிய மண்வெட்டி, பெருமழையில் வழிந்தோடும் சேறு, காலணி. பலரும் நினைத்துப் பார்க்காத வழி ஒன்று உண்டு: சந்தையில் வாங்கி முளைக்கட்டி ஊன்றும் இஞ்சியும் மஞ்சளும். கிழங்கின் தோலுக்கடியில் புழு உட்கார்ந்திருக்கும். ஊன்றும் முன் கிழங்கை 50 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, நிழலில் ஆறவிடுங்கள். சமையல் வெப்பமானி வைத்து அளந்தே செய்யுங்கள். சூடு ஏறிப்போனால் முளை வெந்துவிடும், குறைந்தால் புழு சாகாது.

மண்ணில் இருக்கிறதா என்று விதைக்கும் முன்பே அறிய முடியுமா?

முடியும். எளிய வழி வெள்ளரிச் சோதனை. பாத்தியில் பத்து இடங்களில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒவ்வொரு கரண்டி மண் எடுத்துக் கலந்து மூன்று 300 மில்லி கோப்பைகளில் நிரப்புங்கள். அதே மண்ணில் கொஞ்சத்தை இட்லிக் கொப்பரை ஆவியில் அரை மணி வேகவைத்து, ஆறவிட்டு, நான்காவது கோப்பையில் போடுங்கள் (அந்தக் கொப்பரையைச் சமையலுக்கு மறுபடி எடுக்க வேண்டாம்). ஒவ்வொன்றிலும் மூன்று வெள்ளரி விதை. ஒவ்வொரு கோப்பைக்கும் தனித் தட்டு, ஒன்றின் நீர் மற்றொன்றுக்குப் போகக்கூடாது. வெயில் படும் இடத்தில் 30 நாள் வைத்து, வேரை அலசி முடிச்சுகளை எண்ணுங்கள்.

முடிச்சே இல்லை என்றால் 0. ஒன்று இரண்டு என்றால் 1. மூன்று முதல் பத்துக்கு 2. பதினொன்று முதல் முப்பதுக்கு 3. நூறு வரை 4, அதற்கு மேல் 5. இது உலகெங்கும் நூற்புழு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல். 0, 1 என்றால் எதையும் பயிரிடலாம். 2 என்றால் வெண்டை, கத்தரியை அந்த முறை தவிர்க்கலாம். 3க்கு மேல் வந்தால் ஓய்வு கொடுக்காமல் காய்ப்பயிர் போடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். உயிரோடு பார்க்க வழி உண்டா?

தட்டு முறையில் பார்க்கலாம். பிளாஸ்டிக் வடிகட்டியில் மெல்லிழைத்தாள் இரண்டு விரித்து, கட்டி உடைத்த மண் 100 கிராமை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிப்பில் பரப்புங்கள். அதைத் தட்டில் வைத்து, மண்ணின் அடி நனையும் அளவுக்கு மட்டும் ஓரமாக நீர் ஊற்றி மூடிவையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் உயிருள்ளவை தாளைத் தாண்டி நீருக்குள் இறங்கும். வடிகட்டியைத் தூக்கிவிட்டு, தட்டு நீரை உயரமான தம்ளரில் ஊற்றி நாலைந்து மணி நேரம் தெளியவிட்டு, அடியில் இருக்கும் 20 மில்லியை மட்டும் எடுத்து 40 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் பாருங்கள். துள்ளும் நூலிழைகள் கண்கொள்ளாக் காட்சி.

மண்ணைத் தடிப்பாகப் போட்டால் காற்றில்லாமல் புழுக்கள் உள்ளேயே மடியும். தண்ணீர் கலங்கலாக வந்தால் மேலிருந்து ஊற்றிவிட்டீர்கள் என்று பொருள். தலையில் ஊசி இருப்பதெல்லாம் வேருண்ணி என்று முடிவுகட்டவும் வேண்டாம், எதையும் தின்னும் வகையிலும் ஊசிபோன்ற உறுப்புள்ளவை உண்டு. வேருக்குள் உட்கார்ந்த பெண் புழுவும் முட்டையும் இந்த முறையில் வெளிவரா. இந்த முறைக்கு அடிப்படையான புனல் உத்தியை பேர்மன் என்பவர் 1917இல் படாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கொக்கிப்புழுவின் இளம்புழுவைத் தேடுவதற்காக வெளியிட்டார். நம் அண்டை ஊரில் பிறந்த உத்தி.

முடிச்சு கண்ட செடியைப் பிடுங்கிவிட்டேன். அடுத்து?

வேர் முழுவதையும் தோண்டி எடுத்து, பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள். இங்கே வீட்டுக் குப்பை எரிக்கப்படுவதால் கதை அங்கே முடிகிறது. தோட்டத்துக் கம்போஸ்ட் தொட்டியில் மட்டும் போடவே கூடாது. குவியல் 55 டிகிரிக்கு மேல் பல நாள் நின்று, ஓரமும் நடுவே வருமாறு பலமுறை புரட்டினால்தான் முட்டைகள் சாகும். சிறு தொட்டிகள் அவ்வளவு சூடேறுவதில்லை. முடிச்சு வேரை அதில் போட்டவர்கள் அடுத்த பருவத்தில் தோட்டத்துப் பாத்திகளுக்கெல்லாம் புழுவைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள்.

பிடுங்கிய பிறகு 6 முதல் 8 வாரம் பாத்தியை வெறுமையாக, ஆனால் ஈரமாக வைத்திருங்கள். ஈரமும் சூடும் இருந்தால் முட்டைகள் பொரிந்து, வெளிவந்த புழு தின்ன வேர் இல்லாமல் சேமிப்புக் கொழுப்பைச் செலவழித்துச் சாகும். காயவிட்டால் முட்டை தூங்கிக் காத்திருக்கும். இந்த வாரங்களில் களை முளைக்க விடக்கூடாது. பருப்புக்கீரை, முள்ளுக்கீரை, மணத்தக்காளி மூன்றும் புழுவுக்கு இடங்கொடுப்பவை. ‘தானாக முளைத்த கீரைதானே, பறித்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவைத்தால் ஓய்வுக்காலம் வீண்.

செண்டுமல்லி நட்டால் நூற்புழு ஓடிவிடும் என்கிறார்களே?

ஓடாது. பாத்தி ஓரத்தில் நாலு செடி அழகுக்குத்தான். செண்டுமல்லி வேலை செய்வது பயிராகப் போட்டால். அதன் வேர் திசுவில் உள்ள ஆல்ஃபா டெர்தியனைல் என்ற பொருள் உள்ளே நுழையும் இளம்புழுவைத் தாக்குகிறது. அது உயிருள்ள வேரில், வேருக்கு மிக அருகில்தான் நடக்கிறது. ஆகவே பாத்தி முழுவதும் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் 60 செடி, இரண்டிலிருந்து மூன்று மாதம், நடுவே வேறு பயிரோ களையோ இல்லாமல். குட்டை வகையான பிரெஞ்சுச் செண்டுமல்லி பெரும்பாலும் நெட்டை ஆப்பிரிக்க வகையை விடச் சிறப்பாகக் கட்டுப்படுத்துகிறது. பூவைப் பறித்துக்கொண்டு, முடிவில் தரைமட்டத்தில் வெட்டித் தழையை மேலே பரப்பி, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள். தீபாவளிக்குப் பூ வேண்டுமென்றால் ஆகஸ்டில் நடுவது கணக்குக்குச் சரியாக வரும்: மண்ணுக்கு ஓய்வு, வாசலுக்கு மாலை.

சணப்பையும் நல்ல மாற்று. 10 முதல் 15 கிராம் விதையைத் தூவி, 45 முதல் 60 நாளில், தண்டு நார்விடும் முன் வெட்டிப் போடலாம்.

வேப்பம் பிண்ணாக்கு எவ்வளவு போடலாம்?

பாத்திக்கு 500 கிராம், மேல் 10 சென்டிமீட்டரில் கலந்து, நனைத்து, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். அதில் 4 முதல் 5 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் 20 முதல் 25 கிராம் தழைச்சத்து சேர்கிறது. அந்த முறை வேறு உரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உடனே நட்டால் மக்கும்போது எழும் அம்மோனியா நாற்று வேரைக் கருக்கும். எண்ணெய் பிழிந்த பிண்ணாக்குத்தூளா, வெறும் இலைத்தூளா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது இதற்கு ஈடல்ல.

இதோடு மக்கிய கம்போஸ்ட் 5 கிலோ. பிண்ணாக்கு புழுவைக் குறைக்கிறது, கம்போஸ்ட் அதன் எதிரிகளுக்குச் சோறு போடுகிறது. இறால் ஓட்டைக் காயவைத்து இடித்துப் போடுவதிலும் காரியம் உண்டு, இறால் ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருள் நூற்புழு முட்டையின் ஓட்டிலும் உண்டு. ஆனால் பலன் தெரியும் அளவுக்குப் போட்டால் நாற்றம் தாங்காது, எலியும் வரும். அடுக்குமாடிக் கீழ்த்தளத் தோட்டத்துக்கு அது ஒத்துவராது.

பிளாஸ்டிக் போர்த்தி வெயிலில் வேகவைக்கலாமா?

வெயில் இருந்தால். முட்டையும் இளம்புழுவும் சாக 42 டிகிரியில் ஏறத்தாழ 13, 14 மணி நேரம் வேண்டும். 40 டிகிரியில் அதைவிட வெகு நேரம் ஆகும். பல நாள்களில் கிடைக்கும் சூடான மணிகளைச் சேர்த்துக் கூட்டித்தான் இதை எட்ட வேண்டும். பாத்தியை நன்கு நனைத்து, 25 முதல் 50 மைக்ரான் தடிப்புள்ள நிறமற்ற தாளை மண்ணோடு ஒட்டப் போர்த்தி, ஓரங்களைப் புதைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் தானே சூடேறும், மண்ணை அவ்வளவாகச் சூடேற்றாது. வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதியில், பிப்ரவரி வாக்கில், வறண்ட நாள்கள் கிடைக்கும். நவம்பர், டிசம்பரில் முயல வேண்டாம்.

10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானி செருகிப் பிற்பகல் 3 மணிக்குப் பாருங்கள். ஒரு வாரம் நல்ல வெயில் அடித்தும் 40ஐத் தொடவில்லை என்றால் அந்த இடத்துக்கு இந்த முறை சரிப்படாது. புளோக் நிழல் விழும் பாத்திகளில் பெரும்பாலும் சரிப்படுவதில்லை. வாகன நிறுத்துமிடத்தின் மொட்டைமாடிப் பாத்திகளில் வாய்ப்பு அதிகம். தொட்டி மண்ணானால் நிறமற்ற பையில் 5 சென்டிமீட்டர் தடிப்பில் தட்டையாகப் பரப்பி வெயிலில் வையுங்கள், வேகமாகச் சூடேறும். எடுத்தபின் கம்போஸ்ட் சேர்க்க மறக்காதீர்கள், சூட்டில் நல்லவையும் போயிருக்கும்.

எதிர்ப்புத் திறனுள்ள தக்காளி விதை வாங்கினேன். அதிலும் முடிச்சு வந்துவிட்டது. விதை போலியா?

விதை போலியாக இருக்க வேண்டியதில்லை, மண் சூடாக இருந்திருக்கும். உறையில் ‘என்’ எழுத்து போட்ட ரகங்களின் எதிர்ப்பு ‘எம்ஐ’ என்ற ஒரு மரபணுவால் வருவது. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து 1940களில் எடுக்கப்பட்டது. மண் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அது தளர்ந்துவிடும். இங்கே திறந்த பாத்தியில் பிற்பகல் மண் அதைத் தாண்டுவது சாதாரணம். 5 சென்டிமீட்டர் வைக்கோலோ காய்ந்த புல்லோ மூடாக்குப் போட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் நட்டால் அந்த ரகத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. என்டெரோலோபி என்ற வேர்முடிச்சு நூற்புழு இனத்தை இந்த மரபணு எந்த வெப்பத்திலும் தடுப்பதில்லை.

கத்தரிக்கு நம் வீட்டுச் சுண்டைக்காய் இருக்கிறது. அதன் வேர் வேர்முடிச்சு நூற்புழுவின் முக்கிய இனங்களைத் தாங்கும், பாக்டீரியா வாடலையும் பெருமளவு தாங்கும். சுண்டை மெதுவாக முளைப்பதால் கத்தரிக்கு மூன்று நான்கு வாரம் முன்பே விதையுங்கள். இரண்டின் தண்டும் 2, 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒத்து வரும்போது, சுண்டையின் தலையை வெட்டி நடுவே ஒரு சென்டிமீட்டர் பிளந்து, ஆப்பு போலச் சீவிய கத்தரி நுனியைச் செருகிக் கவ்வி மாட்டுங்கள். ஒரு வாரம் நிழலில், பை மூடி, ஈரக்காற்றில். பிறகு மூன்று நாளில் சிறிது சிறிதாகத் திறந்துவிடுங்கள். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மூழ்கினால் கத்தரி தன் வேரை விடும், செய்த வேலை பாழ். சுண்டையிலிருந்து கிளைக்கும் பக்கத்தளிர்களைக் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

நடைபாதையில் தொட்டிகள்தான். புது மண்ணில் வராதல்லவா?

புது மண்ணில் இராது. ஆனால் நர்சரிகளில் கிடைக்கும் சுட்ட மண், தென்னைநார்த் தூள் போன்றவற்றில் எதிரிகளும் இல்லை. ஒரே ஒரு நோயுற்ற நாற்று நுழைந்தால் தடுக்க ஆளில்லாத வீடு. விதையிலிருந்தே நாற்று வளர்ப்பது நல்லது. வாங்கினால் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பார்த்தபின் நடுங்கள். கலவையில் ஐந்தில் ஒரு பங்கு மக்கிய கம்போஸ்ட் இருக்கட்டும். முடிச்சு கண்ட தொட்டியின் மண்ணை அடுத்த தொட்டிக்கு மாற்றாதீர்கள். வெற்றிலைக் கொடி, கொடிப்பசலை இரண்டும் சீக்கிரம் பிடித்துக்கொள்பவை, அவற்றின் தொட்டிகளைத் தனியே வையுங்கள்.

பாத்தியில் எதை எந்த வரிசையில் போடலாம்?

வெண்டை, கத்தரி, தக்காளி, வெள்ளரி, பாகல், பீர்க்கு, தண்டுக்கீரை, கங்கோங் எல்லாம் புழுவுக்கு விருந்து. இவற்றில் ஒன்றை எடுத்தபின் இன்னொன்றைப் போடுவதைச் சுழற்சி என்று சொல்ல முடியாது. மக்காச்சோள வேரில் முடிச்சு தெரியாது, ஆனால் உள்ளே பெருகும். அதை நம்பாதீர்கள்.

ஒரு நல்ல வரிசை: வெண்டை மூன்று மாதம், செண்டுமல்லி இரண்டரை மாதம், பிறகு வெங்காயத்தாள் அல்லது கூச்சாய், அடுத்துச் சாய் சிம், அதன்பின் மறுபடி ஒரு காய்ப்பயிர். சாய் சிம் புழுவை உள்ளே விடும். ஆனால் வேறிடத்தில் வளர்த்த நாற்றாக நட்டு, மூன்று வாரத்துக்குள் வேரோடு பிடுங்கிவிட்டால் உள்ளே புகுந்த புழு முட்டையிடும் முன் உங்களோடு சமையலறைக்கு வந்துவிடும். ஐந்து வாரம் விட்டால் அதே பயிர் புழுவைப் பெருக்கிக் கொடுக்கும். நாள்காட்டியில் குறித்துவைத்துச் செய்ய முடியாதவர்கள் இந்த உத்தியில் இறங்க வேண்டாம்.

ஊரில் கிடைக்கும் குருணை மருந்தையும் உயிர்ப் பூஞ்சாணப் பொடியையும் கொண்டுவரலாமா?

குருணை வேண்டவே வேண்டாம். குருணையாக வரும் கார்போஃபியூரான் மனிதருக்கும் பறவைக்கும் கொடிய நஞ்சு, நாலு வாரம் நிற்கும் கீரைப் பாத்தியில் அதற்கு இடமில்லை. நூற்புழுக்கொல்லிகளின் கதை பெரும்பாலும் வருத்தமானது. டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு மலட்டுத்தன்மை வந்தது 1977இல் வெளிப்பட்டது. மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி விவசாயப் பயன்பாட்டிலிருந்து வளர்ந்த நாடுகளில் 2005க்குள்ளும் வளரும் நாடுகளில் 2015க்குள்ளும் பெரும்பாலும் விலக்கப்பட்டது. இன்றைய புது மருந்துகள் சாதுவானவை என்றாலும் அவை பண்ணைக்கானவை. புகைமூட்டியோ நஞ்சிட்டோ காலி செய்த மண்ணுக்குள் ஆழத்திலிருந்து முதலில் திரும்பி வருபவற்றில் வேருண்ணியும் உண்டு, அதைத் தின்பவை வர நாளாகும். கல்லுப்பு, பிளீச், பாத்திரச் சோப்பு ஊற்றுவோருக்கும் இதே பதில்.

பர்பூரியோசிலியம், டிரைக்கோடெர்மா போன்றவை நல்ல துணைகள். முன்னது முட்டைக்குள் புகுந்து வளரும் பூஞ்சாணம். ஆனால் உயிருள்ள நுண்ணுயிர், மண், மண்ணோடு கூடிய செடி ஆகியவற்றைத் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளைப் பார்க்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். இங்கேயே வாங்கினாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் அடுக்கிய பொட்டலத்தில் உயிர் இருக்காது. பிண்ணாக்கு, கம்போஸ்ட்டோடு கலந்து ஈரமண்ணில் போட்டால்தான் அவை நிலைக்கும்.

கையில் பட்டால் மனிதருக்குப் பரவுமா?

பயிர் நூற்புழு மனிதரைத் தொடாது. பூனை, நாய் எச்சத்தால் வரும் குடற்புழுக்கள் வேறு இனம். அதற்காகக் கையுறை போடுங்கள், கீரையை நன்கு அலசுங்கள்.

நான் எல்லாம் செய்கிறேன். பக்கத்துப் பாத்திக்காரர் ஒன்றும் செய்வதில்லை. என்ன பயன்?

பயன் உண்டு, வேலி மட்டும் வேண்டும். உயர்த்திய பாத்தியின் சட்டம் நன்றாக இருந்தால் மண்வழி நகர்வு பெரிதல்ல. மிச்சம் கருவிகளும் வழிந்தோடும் நீரும். பொதுக் கருவிகள் தொங்கும் இடத்தில் ஒரு வாளியும் பழைய தூரிகையும் வையுங்கள். மண் ஒட்டாமல் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாலே பெரும்பகுதி தீர்ந்தது. கழுவிய நீரைப் பாத்தியில் ஊற்ற வேண்டாம். அவருடைய வெண்டை வாடும் நாளில் குறை சொல்லாமல், ஒரு செடியைச் சேர்ந்து தோண்டி வாளியில் அலசிக் காட்டுங்கள். அடுத்த பருவத்துக்குச் செண்டுமல்லி நாற்று போடும்போது அவருக்கும் சேர்த்து 120 போடுங்கள்.